வாக்கை இழந்தும் பெயரை விடாத லூசி ஸ்டோன்

1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகளை நிர்வகிக்கும் குழுக்களுக்கான தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம் என்றது அந்தச் சட்டம். மாநில சட்டமன்றத் தேர்தலிலும் ஜனாதிபதித் தேர்தலிலும் பெண்களுக்கு அப்போதும் இடமில்லை. சிறிய உரிமைதான். ஆனாலும் அதற்காகவே முப்பது வருடங்களுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பேசிய ஒரு பெண் பொஸ்டன் நகரில் வாக்காளராகத் தன்னைப் பதிந்துகொண்டார். பெயர் லூசி ஸ்டோன்.

அதிகாரிகள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அவர் ஹென்றி பிளக்வெல் என்பவரின் மனைவி. ஆகவே லூசி பிளக்வெல் என்று ஒப்பமிட்டால்தான் வாக்கு என்றார்கள். அவர் ஒப்பமிடவில்லை. வாக்காளர் இடாப்பிலிருந்து அவருடைய பெயர் வெட்டப்பட்டது. அதன்பின் இறக்கும்வரை அவர் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கவில்லை.

கல்யாணம் கட்டிய பெண் எந்தப் பெயரில் வாழவேண்டும் என்ற கேள்வியைப் பலர் நாகரிகம் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன விடயமாகவே பார்க்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். ஒரு பெயருக்குள் வாக்கு, காணி, சம்பளம், பிள்ளை எல்லாம் எப்படிக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்பதை லூசி ஸ்டோனின் வாழ்க்கையைப் படித்தால் விளங்கிக்கொள்ளலாம்.

பெண் பிள்ளையா என்று வருந்திய தாய்

லூசி 1818 ஓகஸ்ட் 13ஆம் திகதி மாசச்சூசெட்ஸின் வெஸ்ட் புரூக்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. அவர் பிறப்பதற்கு முதல்நாள் இரவும் தாய் ஹன்னா எட்டு மாடுகளில் பால் கறந்தார் என்றும், பிறந்தது பெண் என்று அறிந்ததும் இந்தப் பிள்ளையும் என்னைப்போலக் கஷ்டப்படப் போகிறதே என்று வருந்தினார் என்றும் அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

தகப்பன் பிரான்சிஸ் ஸ்டோனின் சொல்லே வீட்டில் சட்டம். காசு முழுக்க அவர் கையில். மனைவி தன் சின்னச் சின்னத் தேவைகளுக்கும் அவரிடம் கேட்கவேண்டும். மனைவியைக் கணவன் ஆளுவான் என்று வேதாகமத்தில் படித்த சிறுமி லூசி கலங்கிப்போனார். மொழிபெயர்த்த ஆண்கள் பிழையாக எழுதியிருக்கலாம், கிரேக்கமும் எபிரேயமும் படித்து மூலத்தையே பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தார்.

அண்ணன்மாரைக் கல்லூரிக்கு அனுப்பிய தகப்பன், மகள் தானும் போகவேண்டும் என்றபோது இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டார். லூசி பதினாறு வயதில் ஆசிரியை ஆனார். குறைந்த சம்பளம். அண்ணன் ஒருவர் படிப்பித்த வகுப்பை ஒருமுறை அவர் பொறுப்பெடுத்தபோது, அதே வேலைக்கு அண்ணனைவிடக் குறைந்த சம்பளமே கொடுத்தார்கள். சேர்த்து வைத்த காசோடு 1843இல், இருபத்தைந்து வயதில், ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார். பெண்களையும் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட மிகச் சில கல்லூரிகளில் அது ஒன்று.

அங்கேயும் எல்லை இருந்தது. 1847இல் பட்டம் பெறும் நாளுக்கு உரை எழுதும்படி அவரைத் தெரிவுசெய்தார்கள். ஆனால் ஆண்கள் இருக்கும் மேடையில் பெண் வாசிப்பது முறையில்லை, எழுதித் தந்தால் ஓர் ஆண் வாசிப்பார் என்றார்கள். அவர் எழுதவே இல்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்து பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

மேடையும் குளிர்ந்த தண்ணீரும்

பட்டம் பெற்ற அதே ஆண்டு, போதகராக இருந்த அண்ணனின் தேவாலயத்தில் பெண்ணுரிமை பற்றித் தன் முதல் உரையை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அடிமை முறை எதிர்ப்புச் சங்கம் ஒன்று அவரைச் சம்பளத்துக்குப் பேச்சாளராக எடுத்தது. அடிமைகளைப் பற்றிப் பேச வந்தவர் பெண்களைப் பற்றியும் பேசுகிறார் என்று சங்கத்துக்குள் முறுமுறுப்பு எழுந்தது. கடைசியில், வார இறுதியில் அடிமை ஒழிப்பு, மற்ற நாட்களில் தன் சொந்தப் பொறுப்பில் பெண்ணுரிமை என்று இணக்கம் ஏற்பட்டது.

புத்தகங்களைத் தூக்கி எறிந்தார்கள். குளிர்காலத்தில் ஒருநாள் யன்னல் வழியாகக் குழாய் விட்டு அவர்மேல் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினார்கள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். ஊர்த் தேவாலயம் தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவரை நீக்கியது. 1850 ஒக்டோபரில் மாசச்சூசெட்ஸின் வூஸ்டர் நகரில் நடந்த முதலாவது தேசியப் பெண்ணுரிமை மாநாட்டை ஒழுங்குசெய்தவர்களில் அவரும் ஒருவர்.

கல்யாணம் கட்டுவதில்லை என்று நெடுங்காலம் உறுதியாக இருந்தார். அதற்குக் காரணம் அன்றைய சட்டம். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன முறைப்படி, திருமணத்தோடு பெண் தன் தனியான சட்ட ஆளுமையை இழந்தாள். அவளுடைய உழைப்பின் வருமானம் கணவனுக்கு. அசையும் சொத்து கணவனுக்கு. காணியிலிருந்து வரும் பயனும் கணவனுக்கு. பிள்ளைகளின் பாதுகாவலும் அவனுக்கே. தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் வழக்கு வைக்கவும் அவளால் முடியாது. சில மாநிலங்கள் அப்போதுதான் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தொடங்கியிருந்தன.

வடக்கில் வாழும் எங்களுக்கு இது முற்றிலும் அந்நியமான கதை இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் ஒருவர் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. சீதனமாகத் தாய் கொடுத்த காணிக்கும் அதே விதிதான். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைத் தேடவேண்டும்.

ஒரு கல்யாணமும் ஓர் எதிர்ப்பு அறிக்கையும்

ஹென்றி பிளக்வெல் லூசியைவிட ஏழு வயது இளையவர். வியாபாரி, அடிமை ஒழிப்பாளர். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எலிசபெத் பிளக்வெல்லின் தம்பி. ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கடிதம் எழுதி எழுதி லூசியின் மனதை மாற்றினார். சட்டம் கணவனுக்குத் தரும் அதிகாரத்தைத் தான் பயன்படுத்தப்போவதில்லை என்று உறுதி தந்தார்.

1855 மே 1ஆம் திகதி லூசியின் பெற்றோர் வீட்டில் கல்யாணம் நடந்தது. கீழ்ப்படிவேன் என்ற சொல் மணமகளின் உறுதிமொழியில் இருக்கவில்லை. சடங்குக்கு முன்னர் இருவரும் ஒப்பமிட்ட ஓர் எதிர்ப்பு அறிக்கை வாசிக்கப்பட்டது. மனைவியின் உடல், பிள்ளைகள், சொத்து, உழைப்பு ஆகியவற்றின்மேல் கணவனுக்கு அதிகாரம் தரும் சட்டங்களைத் தாங்கள் ஏற்கவில்லை என்று அதில் இருந்தது. சடங்கை நடத்திவைத்த போதகர் தோமஸ் ஹிகின்சன் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நாடெங்கும் பேச்சானது.

அந்த அறிக்கையில் பெயரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தப் பிரச்சினை பெரிதானது. பத்திரிகைகளும் நண்பர்களும் அவருடைய பெயரோடு பிளக்வெல்லைச் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். மனைவி கணவனின் பெயரை எடுக்கவேண்டும் என்று சட்டம் எங்காவது சொல்கிறதா என்று சட்டத்தரணிகளிடம் விசாரித்தார். அப்படி ஒரு சட்டமே இல்லை, அது வெறும் வழக்கம் என்று பதில் வந்தது. 1856இல் தன்னை லூசி ஸ்டோன் என்று மட்டும் அழைக்கும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். ஹென்றி மறுக்கவில்லை.

வழக்கம் என்று சொல்லப்பட்டது சட்டத்தைவிட இறுக்கமாக இருந்தது. தங்குவிடுதிப் பதிவேட்டில் ஆணும் பெண்ணும் வேறு வேறு பெயரில் ஒப்பமிட்டால் சந்தேகம் வந்தது. சட்டப் பத்திரங்களில் லூசி ஸ்டோன், ஹென்றி பிளக்வெல்லின் மனைவி என்று எழுதவேண்டி வந்தது. கேலிப் பாட்டுகளும் கட்டுரைகளும் வெளியாகின. உண்மையில் கல்யாணமே கட்டவில்லை என்ற கதையும் பரவியது.

அவர் காப்பாற்றிய பெயர் தகப்பனின் குடும்பப் பெயர்தானே என்று இன்று யாரும் கேட்கலாம். தன்னைப் படிக்கவைக்க மறுத்த அதே தகப்பனின் பெயர். ஆனால் முப்பத்தேழு வருடம் அந்தப் பெயரில்தான் அவர் உழைத்தார், பட்டம் பெற்றார், மேடை ஏறினார், அடி வாங்கினார். பெயர் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அந்தப் பெயரில் யார் வாழ்ந்தார் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

எல்லாத் தோழிகளும் அவருடைய வழியில் போகவில்லை. கல்லூரி நாள் தொட்டு நெருங்கிய நண்பியான அன்டோனெட் பிரவுன் ஹென்றியின் அண்ணன் சாமுவேலைக் கட்டி, அன்டோனெட் பிரவுன் பிளக்வெல் ஆனார். எலிசபெத் கேடி ஸ்டான்டன் பிறந்த வீட்டுப் பெயரை நடுவிலும் கணவரின் பெயரைக் கடைசியிலும் வைத்துக்கொண்டார். திருமதி ஹென்றி ஸ்டான்டன் என்று கணவரின் முழுப்பெயரால் அழைக்கப்படுவதையே அவர் எதிர்த்தார். மூவரும் ஒரே போராட்டத்தில் நின்றவர்கள்.

1857 செப்டெம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்தில் இருந்தபோது மகள் பிறந்தாள். அலிஸ் ஸ்டோன் பிளக்வெல் என்று தாய் தகப்பன் இருவரின் பெயரையும் வைத்தார்கள். சில மாதங்களில் வீட்டுக்கான வரிப் பற்றுச்சீட்டு வந்தது. வீடு லூசியின் பெயரில் இருந்தது. வாக்கு இல்லாதவரிடம் வரி கேட்பது அநீதி என்று எழுதி அதைத் திருப்பி அனுப்பினார். 1858 ஜனவரியில் வீட்டுச் சாமான்களை எடுத்து ஏலம் விட்டார்கள். அயலவர் ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். வரி கேட்கும்போது லூசி ஸ்டோன் என்ற பெயர் அரசாங்கத்துக்குச் செல்லுபடியானது என்பதைக் கவனியுங்கள். இருபத்தொரு வருடம் கழித்து வாக்குக் கேட்டபோதுதான் அந்தப் பெயர் செல்லுபடியாகாமல் போனது.

பிறர் வைத்த பெயர்கள்

லூசி அடிமை ஒழிப்புக்காகப் பேசியவர். அடிமைகளுக்கு எசமானின் பெயரே பெயராக இருந்ததை நன்றாக அறிந்தவர். ஒரு மனிதரின் பெயரை இன்னொருவர் மாற்றலாம் என்றால், மாற்றுபவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை அங்கேதான் அவர் கண்டிருக்கவேண்டும்.

எங்கள் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. பொஸ்டனைத் தலைமையகமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. லூசியின் ஊர்த் தேவாலயம் எந்தச் சபையைச் சேர்ந்ததோ அதே சபைதான் இந்த மிஷனின் முதுகெலும்பு. லூசிக்கு ஆறு வயதாக இருந்த 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை அவர்கள் தொடங்கினார்கள். பெண் கல்விக்கு அது பெரும் கொடை. கூடவே, மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவிலிருந்து காசு அனுப்பிய நன்கொடையாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று எங்கள் அறிஞர்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்நியப் பெயர்கள் அந்த மிஷன் காலத்துக்குரியவை.

பிளவும் பத்திரிகையும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. போர்க் காலத்தில் அடிமை முறையை அடியோடு ஒழிக்கக் கோரிப் பெண்கள் இலட்சக்கணக்கில் கையொப்பம் திரட்டினார்கள். அந்த அமைப்பின் தொடக்கக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் லூசி.

போர் முடிந்தபின், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் 15ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பெண்களை விட்டுவிட்டது. ஸ்டான்டனும் சூசன் அந்தனியும் அதை எதிர்த்தார்கள். லூசி மனம் நொந்தார். ஆனாலும் யாராவது ஒருவர் அந்தப் பயங்கரக் குழியிலிருந்து வெளியே வரட்டும் என்று திருத்தத்தை ஆதரித்தார். 1869இல் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. லூசியின் அணி அந்த ஆண்டு நவம்பரில் தனி அமைப்பானது. 1870 ஜனவரியில் பொஸ்டனில் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகை அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வெளிவந்தது.

பிளவுக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். ஸ்டான்டனும் அந்தனியும் இயக்கத்தின் பெரிய வரலாற்று நூலைத் தொகுத்தபோது, தன் வாழ்க்கைக் குறிப்பைக் கொடுக்க லூசி மறுத்துவிட்டார். அந்த வரலாற்றில் அவருக்குச் சிறிய இடமே கிடைத்தது. 1921இல் வொஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் மூன்று முன்னோடிப் பெண்களின் சிலையை வைத்தபோது அவர் அதில் இல்லை. பெயருக்காகப் போராடியவரின் பெயர் வரலாற்றில் மங்கிப்போனது.

1879இல் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டபோது நீதிமன்றம் போகவும் அவர் விரும்பவில்லை. உடலில் பழைய பலம் இருக்கவில்லை, பத்திரிகையும் இயக்கமும் அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டன. 1890இல் பிளவுபட்ட இரு அணிகளும் இணைந்தன. 1893 மே மாதம் சிக்காகோவில் கடைசியாகப் பேசினார். அந்த ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, 75ஆவது வயதில், பொஸ்டனில் தன் வீட்டில் இறந்தார். இறக்கும்போது மகளின் காதில் உலகத்தை இன்னும் நல்லதாக்கு என்று சொன்னார் என்பார்கள். அவருடைய நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியாக இன்னும் 27 வருடங்கள் செல்லவேண்டியிருந்தது.

1921இல் நியூயோர்க்கில் ரூத் ஹேல் என்ற ஊடகவியலாளர் லூசி ஸ்டோன் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார். கணவரின் பெயரைச் சேர்க்காமல் கடவுச்சீட்டுத் தரமுடியாது என்று அரசாங்கம் சொன்னபோது அதை ஏற்க மறுத்தவர் அவர். கடவுச்சீட்டு, காணி உறுதி, வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் என்று ஒவ்வொரு அலுவலகத்தின் கதவையும் அந்த அமைப்பின் பெண்கள் தட்டினார்கள். பிறந்த பெயரை வைத்துக்கொள்ளும் மனைவியை லூசி ஸ்டோனர் என்று அழைக்கும் வழக்கமும் ஆங்கிலத்தில் வந்தது.

2003இல் பொஸ்டனில் திறக்கப்பட்ட பெண்கள் நினைவுச் சின்னத்தில் லூசியின் சிலைக்கு அருகில் கவிஞர் ஃபிலிஸ் வீட்லியின் சிலை இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து சிறுமியாகப் பிடித்து வரப்பட்டவர் அவர். ஏற்றி வந்த கப்பலின் பெயர் ஃபிலிஸ், வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. தாய் வைத்த பெயர் என்னவென்று வரலாற்றில் இல்லை.

எங்கள் பெண்களின் பெயர்கள்

எங்களுக்கு ஐரோப்பியர் பாணியில் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கல்யாணத்தோடு பல பெண்களுக்குத் தகப்பனின் இடத்துக்குக் கணவரின் பெயர் வருகிறது. பிறப்புச் சான்றிதழிலும் பரீட்சைச் சான்றிதழிலும் ஒரு பெயர், அடையாள அட்டையிலும் காணி உறுதியிலும் இன்னொரு பெயர். அமைதியான காலத்தில் இது ஒரு சத்தியக் கடதாசியோடு முடிகிற வேலை. பெட்டி படுக்கையோடு பத்து இடம் மாறி, பதுங்குகுழியிலும் முகாமிலும் ஆவணங்களைத் தொலைத்த ஒரு பெண்ணுக்கு அப்படி முடிவதில்லை. அந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு மேசையிலும் அவர் நிரூபிக்கவேண்டும்.

இதே பெண்களில் பலர் லூசி செய்ததற்கு நேர்மாறான ஒன்றைச் செய்கிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த குடும்பங்களை நாங்கள் அறிவோம். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று சொன்னபோதும் எத்தனையோ மனைவிமார் அதை வாங்க மறுத்தார்கள். உயிருடன் கையளித்த கணவரை இறந்தவர் என்று தன் கையால் ஒப்பமிட முடியாது என்றார்கள். 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் சட்டமாக வந்த பிறகும் அதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணவரின் பெயரைத் தன் பெயரோடு வைத்திருப்பது அவரைத் தேடுவதன் ஒரு பகுதி. அந்தப் பெயரை விடு என்று பெண்ணுரிமையின் பெயராலும் யாரும் அவர்களிடம் சொல்லமுடியாது.

லூசி கணவரின் பெயரை எடுக்க மறுத்தார். இவர்கள் கணவரின் பெயரை விட மறுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் எதிரே இருப்பது ஒரு மேசை. நாங்கள் சொல்லும் பெயரில் ஒப்பமிட்டால்தான் உனக்கு உரியதைத் தருவோம் என்கிறது அந்த மேசை. அன்டோனெட்டும் எலிசபெத்தும் லூசியும் மூன்று விதமாகப் பெயர் வைத்துக்கொண்டது போல எங்கள் பெண்களும் தகப்பனின் பெயரையோ, கணவரின் பெயரையோ, இரண்டையுமோ, தாயின் பெயரையோ வைத்துக்கொள்ளட்டும். பிறகு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளட்டும். எந்தப் பெயரைத் தெரிவுசெய்தாலும் காணி அனுமதிப்பத்திரமும் இழப்பீடும் வீட்டுத்திட்டமும் வாக்கும் அவர்களுக்குத் தடையின்றிக் கிடைக்கவேண்டும்.

அடுத்த முறை கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ ஒரு பெண்ணின் படிவம் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேட்கலாம். லூசி தன் சட்டத்தரணிகளிடம் கேட்டதும் அதே கேள்விதான்.